பொய்யின் வாசகர் யார்? வயாக்ஸ் வழக்குகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

‘கிளாஸ் ஆக்‌ஷன்’ பற்றிப் பேசலாம் என்று நண்பர்கள் கூட்டமொன்றில் சொன்னபோது மூத்த தோழர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வர்க்கப் போராட்டம் பற்றியாக்கும் என்று நினைத்துவிட்டார். அமெரிக்க மருந்துக் கம்பெனிகள் மீது அவற்றின் பங்குதாரர்களே போடும் கூட்டு வழக்குகளைத்தான் சொல்கிறேன் என்றதும் முகம் மாறிப்போனது. “ஷேர் வாங்கினவனும் வித்தவனும் அடிச்சுக்கிறான். அந்தப் பஞ்சாயத்து நமக்கெதுக்குங்க?” என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். அன்று உருப்படியாகப் பதில் சொல்ல வரவில்லை. இந்தக் கட்டுரை தாமதமாக வரும் பதில்.

இந்த வழக்குகள் அனைத்தும் அடிப்படையில் வாசிப்பு பற்றியவை. ஒரு கம்பெனி ஒரு வாக்கியம் எழுதுகிறது. அந்த வாக்கியம் பொய்யா, எழுதியவருக்கு அது பொய்யென்று தெரியுமா, அதை யார் வாசித்தார்கள், வாசித்ததால் யாருக்கு என்ன போயிற்று என்று நீதிமன்றம் வருஷக்கணக்கில் விவாதிக்கிறது. பிரதி, வாசிப்பு, ஆசிரியனின் நோக்கம் என்று சிறுபத்திரிகைகளில் நாம் எதைப் பேசிப்பேசிச் சலித்தோமோ, அதே பேச்சு அங்கே கோடிக்கணக்கான டாலர் பணயத்தோடு நடக்கிறது. பணயத்தில் உயிர்களும் உண்டு. ஆனால் அவை வழக்கில் எந்த இடத்தில் வைக்கப்படுகின்றன என்பதுதான் கவனிக்க வேண்டியது.

மெர்க் என்ற அமெரிக்கக் கம்பெனியின் வயாக்ஸ் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். மருந்துப் பெயர் ரோஃபெகாக்ஸிப். மூட்டுவலிக்கு, முடக்குவாதத்துக்கு. வயிற்றைப் புண்ணாக்காத வலிநிவாரணி என்பது அதன் பெருமை. 1999 மே மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) அனுமதி தந்தது. அடுத்து ‘விகோர்’ என்ற ஆய்வு நடந்தது. முடக்குவாத நோயாளிகள் 8,000-க்கும் மேற்பட்டவர்களை இரண்டு பிரிவாக்கி ஒரு பிரிவுக்கு வயாக்ஸ், இன்னொன்றுக்கு நாப்ராக்ஸன் என்ற பழைய வலிநிவாரணி. 2000 மார்ச்சில் முடிவுகள் கம்பெனியின் கைக்கு வந்தன. வயிற்றுப்புண் குறைந்திருந்தது உண்மை. ஆனால் வயாக்ஸ் பிரிவில் மாரடைப்பு பல மடங்கு அதிகம். எஃப்.டி.ஏ. பார்த்த கணக்கில் 20-க்கு 4.

இந்த இடத்தில் இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். முதலாவது, 2000 மார்ச் 9 அன்று மெர்க்கின் ஆராய்ச்சித் தலைவர் எட்வர்ட் ஸ்கால்னிக் சக அதிகாரிகளுக்கு அனுப்பிய மின்னஞ்சல். இதய நிகழ்வுகள் தெளிவாகவே இருக்கின்றன, நாம் பயந்தபடி மருந்து வேலை செய்யும் விதத்திலேயே அது இருக்கிறது என்பது அதன் சாரம். இரண்டாவது, அதே மாதம் 27-ம் தேதி கம்பெனி வெளியிட்ட பத்திரிகைக் குறிப்பு. வயாக்ஸ் பிரிவில் மாரடைப்பு கூடியிருக்கிறது என்று அது சொல்லவில்லை. நாப்ராக்ஸன் பிரிவில் குறைந்திருக்கிறது என்று சொன்னது. அதாவது நாப்ராக்ஸன் ஆஸ்பிரின் மாதிரி இதயத்தைக் காக்கிறது, அதனால்தான் எதிர்ப்பக்கம் கூடியதாகத் தோன்றுகிறது என்பது விளக்கம். பின்னால் இதற்கு ‘நாப்ராக்ஸன் கருதுகோள்’ என்று பெயர் வந்தது.

இரண்டுக்கும் இடையில் பதினெட்டு நாள். முதல் பிரதியில் எழுவாய் வயாக்ஸ். இரண்டாவதில் எழுவாய் நாப்ராக்ஸன். எண்கள் அப்படியே இருக்கின்றன, யாரும் எண்ணைத் திருத்தவில்லை. எழுவாய் மாத்திரம் மாறுகிறது. ‘அவன் என்னை அடித்தான்’ என்பதை ‘அடுத்த வீட்டுக்காரன் அடிபடாமல் தப்பித்தான்’ என்று சொன்னால் எப்படியோ அப்படி. இலக்கணம் படித்தவனுக்கு இந்த வித்தை புரிய எம்.பி.ஏ. தேவையில்லை.

2001 மே 22 அன்று இன்னொரு பத்திரிகைக் குறிப்பு. வயாக்ஸின் இதயப் பாதுகாப்பு சாதகமாக இருப்பதை மெர்க் உறுதிப்படுத்துகிறது என்பதே தலைப்பு. அதே ஆண்டு செப்டம்பரில் எஃப்.டி.ஏ. எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. உங்கள் குறிப்பு சொல்வது எங்களுக்கு விளங்கவே இல்லை என்ற ரீதியில் கடுமையாகவே எழுதியிருந்தார்கள். கடிதம் பொதுவெளிக்கு வந்தது. பங்கின் விலை சில நாளில் ஆறேழு சதவீதம் இறங்கி, அக்டோபர் பிறப்பதற்குள் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. மாத்திரை விற்பனை தொடர்ந்தது. 2003-ல் மட்டும் உலகளவில் 250 கோடி டாலர். டாக்டர்கள் இதயம் பற்றிக் கேட்டால் எப்படி நழுவுவது என்று மெடிக்கல் ரெப்புகளுக்குப் பயிற்சி கொடுக்க ‘டாட்ஜ் பால்’ என்ற பெயரில் ஒரு விளையாட்டே தயாரித்திருந்தார்கள். பந்து மேலே படாமல் விலகும் விளையாட்டு. இதை நான் கற்பனை செய்யவில்லை. பிற்பாடு வெளியே வந்த கம்பெனி ஆவணங்களில் இருக்கிறது.

2004 செப்டம்பர் 30. பெருங்குடல் கட்டி பற்றிய வேறொரு ஆய்விலும் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்துபோக, மெர்க் மருந்தைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. இந்த முறை எதிர்ப்பக்கம் இருந்தது வெறும் சர்க்கரை மாத்திரை. நாப்ராக்ஸனைக் காட்ட வழியில்லை. ஒரே நாளில் பங்கு விலை கால்வாசிக்கு மேல் சரிந்து, சுமார் 2,700 கோடி டாலர் சந்தை மதிப்பு காணாமல் போனது. அந்த நவம்பரில் எஃப்.டி.ஏ.வின் விஞ்ஞானி டேவிட் கிரஹாம் அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சி சொன்னார்: 88,000-லிருந்து 1,39,000 அமெரிக்கர்கள் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம், அவர்களில் முப்பது நாற்பது சதவீதம் பேர் செத்திருக்கலாம். மதிப்பீடுதான், கம்பெனி மறுத்தது. ஆனால் இரண்டு கணக்குகளின் வேகத்தைப் பாருங்கள். பங்கின் இழப்பு அன்று சாயங்காலமே பைசா சுத்தமாகத் தெரிந்துவிடுகிறது. செத்தவர்களின் கணக்கு இன்றுவரை ‘லிருந்து-வரை’ கணக்குதான்.

இனி வழக்குக்கு வருவோம். பங்குதாரர்கள் 2003 நவம்பர் 6 அன்றே வழக்குப் போட்டிருந்தார்கள். மருந்து திரும்பப் பெறப்படுவதற்குப் பத்து மாதம் முன்பே. சட்டப்படி மோசடி தெரியவந்த இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். மெர்க் என்ன வாதாடியது தெரியுமா? இவர்கள் காலம் கடந்து வந்திருக்கிறார்கள் என்றது. 2001 செப்டம்பரில் எஃப்.டி.ஏ. கடிதம் வெளியானது, பத்திரிகைகள் எழுதின, நோயாளிகள் வழக்குப் போட்டார்கள். கண்ணுள்ள எந்தப் பங்குதாரருக்கும் அன்றே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆக 2001 நவம்பருக்கு முன்பே கெடு ஓட ஆரம்பித்துவிட்டது என்பது வாதம்.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 2001-லிருந்து 2004 வரை டாக்டர்களிடமும் நோயாளிகளிடமும் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவந்த அதே வாய், நீதிமன்றத்தில், பயப்படக் காரணம் ஊரறியக் கிடந்ததே, நீங்கள் ஏன் பயப்படவில்லை என்று கேட்கிறது. மருந்து வாங்குகிறவன் நம்ப வேண்டும், பங்கு வாங்குகிறவன் நம்பியிருக்கக் கூடாது. ஒரே வாக்கியத்துக்கு இரண்டு வாசகர்கள், இரண்டு வாசிப்புக் கட்டளைகள். வக்கீல்களுக்கு இதில் கூச்சமில்லை. சட்டத்தின் மொழிக்குள் இது முரண்பாடாகவே பதிவாகவில்லை.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2010 ஏப்ரலில் மெர்க்குக்கு எதிராகத் தீர்ப்பு. நீதிபதி பிரேயர் எழுதியது. பொய் என்று தெரிந்தால் மட்டும் போதாது, தெரிந்தே பொய் சொன்னார்கள் என்பதைக் காட்டும் தகவல்களும் வாதிக்குக் கிடைத்த பிறகுதான் கெடு ஓடும்; எஃப்.டி.ஏ. கடிதம் அந்த நோக்கம் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்லவில்லை என்றார். நாப்ராக்ஸன் கருதுகோளை மெர்க் நிஜமாகவே நம்பியிருந்தால் அது தப்பான விளக்கம். நம்பாமல் சொல்லியிருந்தால் மோசடி. எல்லாம் ஆசிரியனின் உள்மனசில் வந்து நிற்கிறது.

இங்கேதான் எனக்கு என்னுடைய ஆட்கள் மீதே கோபம் வருகிறது. ஆசிரியன் செத்துவிட்டான் என்று ரோலாண் பார்த் 1960-களின் கடைசியில் எழுதியதைத் தமிழில் நாம் கொண்டாடினோம். நானும்தான், எம்.ஏ. முடித்த கையோடு எழுதிய முதல் கட்டுரையே அதுதான். ஆசிரியனின் நோக்கத்தைத் தேடுவது பழைய பண்டிதர்களின் வேலை, பிரதிதான் பேசும் என்றெல்லாம். கம்பனுக்கும் மௌனிக்கும் அது ஒத்துவரும். ஒரு பத்திரிகைக் குறிப்புக்கு? அதை எழுதியது யார்? விளம்பரப் பிரிவில் ஒருவர் எழுத, ஆராய்ச்சிப் பிரிவு திருத்த, சட்டப் பிரிவு நாலு சொல்லை வெட்ட, கையெழுத்தே இல்லாமல் வெளியே வருகிறது. கார்ப்பரேஷன்தான் உலகத்திலேயே சுத்தமான ‘ஆசிரியனற்ற பிரதி’யைத் தயாரிக்கிறது. நாம் அவனைத் தத்துவத்தில் கொன்றோம், அவர்கள் நிர்வாக ஏற்பாட்டில் கொன்றுவிட்டார்கள். மார்ச் 9 மின்னஞ்சல் கிடைத்ததால்தான் ஒரு மனிதன், ஒரு தேதி, ஒரு தெரிதல் கையில் சிக்கியது. அந்த இடத்தில் நோக்கத்தைத் தேடுவது பிற்போக்கு என்று எவராவது சொன்னால் அவரோடு உட்கார்ந்து டீ குடிக்கக்கூட நான் தயாரில்லை.

பொய்யைப் பாதுகாக்கும் இலக்கணமும் சட்டத்துக்குள்ளேயே உண்டு. 1995-ல் கிளின்டனின் வீட்டோவை மீறி அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டம், எதிர்காலம் பற்றிய கூற்றுகளுக்குப் புகலிடம் தருகிறது. ‘நாங்கள் எதிர்பார்க்கிறோம், ஆனால் இன்னின்ன காரணங்களால் வேறுமாதிரியும் நடக்கலாம்’ என்று பொருத்தமான எச்சரிக்கையைச் சேர்த்துவிட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். நம் மரபில் இதற்கு அவையடக்கம் என்று பெயர். நூலைத் தொடங்குமுன் குற்றமிருந்தால் பொறுக்க என்று கும்பிட்டுவிடுவது. கவிகள் பணிவுக்காகச் செய்ததை இவர்கள் இன்ஷூரன்ஸுக்காகச் செய்கிறார்கள். ‘எங்கள் மருந்து அற்புதமானது’ போன்ற பொத்தாம்பொதுவான வாக்கியமோ வெற்றுப் புகழ்ச்சி, எந்த விவரமறிந்த முதலீட்டாளனும் நம்பமாட்டான் என்று நீதிமன்றங்கள் தள்ளிவிடுகின்றன. நோயாளி நம்புவானே என்ற கேள்வி அந்த அறையில் எழுவதில்லை.

யார் இந்த விவரமறிந்த முதலீட்டாளர்? சட்டம் அவரை ‘நியாயமான முதலீட்டாளர்’ என்கிறது. வாசகத் திறனாய்வில் உள்ளுறை வாசகர் என்கிறோமே, அந்த மாதிரி ஒரு கற்பனைப் பிறவி. இவருடைய உரிமைகள் ஆச்சரியமானவை. 1988-ல் பேசிக் எதிர் லெவின்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு ஊகத்தை ஏற்றது. திறமையான சந்தையில் பொதுவெளிக்கு வரும் தகவலெல்லாம் விலைக்குள் போய்விடும். ஆகவே விலையை நம்பி வாங்கியவர் அந்தக் கூற்றை நம்பியவராகவே கருதப்படுவார். அவர் பத்திரிகைக் குறிப்பைப் படித்தாரா என்று ஒவ்வொருவராக நிரூபிக்க வேண்டியதில்லை. விலை அவருக்காகப் படித்துவிட்டது. எழுத்து வாசனை தேவைப்படாத வாசகர்! இந்த ஊகம் இருப்பதால்தான் லட்சக்கணக்கான பங்குதாரர்கள் ஒரே ‘கிளாஸ்’ ஆக முடிகிறது.

2011-ல் வந்த மேட்ரிக்ஸ் வழக்கையும் சொல்ல வேண்டும், அது நல்ல தீர்ப்பு. ஜலதோஷத்துக்கு மூக்கில் விடும் ‘ஜிகாம்’ என்ற துத்தநாகக் களிம்பு. சிலருக்கு வாசனை தெரியும் சக்தியே போய்விட்டது. டாக்டர்கள் கம்பெனிக்குச் சொல்லியும் இருந்தார்கள். 2004-ல் செய்தி கசிந்தபோது கம்பெனி, அடியோடு ஆதாரமற்றது என்று அறிக்கை விட்டது. பிறகு ஒரு காலை நேர டெலிவிஷன் நிகழ்ச்சியில் விஷயம் வர, பங்கு விலை கால்வாசி சரிந்தது. உச்ச நீதிமன்றத்தில் கம்பெனியின் வாதம், அந்தப் புகார்கள் புள்ளியியல் ரீதியில் பொருட்படுத்தத் தக்க எண்ணிக்கை இல்லை, ஆகவே முதலீட்டாளரிடம் சொல்லத் தேவையில்லை என்பது. நீதிபதி சோட்டோமேயர் ஒருமனதான தீர்ப்பை எழுதினார். டாக்டர்களும் எஃப்.டி.ஏ.வும் புள்ளியியல் வரம்புக்காகக் காத்திருப்பதில்லை, முதலீட்டாளர் மட்டும் ஏன் காத்திருக்க வேண்டும் என்றார். புகார் வந்தாலே சொல்லியாக வேண்டும் என்று அர்த்தமில்லை, சூழலைப் பார்க்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். சில மூக்குகளின் சாட்சியம் கணக்கில் எடுக்கப்பட்டது. சந்தோஷம்தான். ஆனால் அந்த மூக்குகள் எப்படி நீதிமன்றத்துக்குள் வந்தன? பங்கு விலையை பாதிக்கக்கூடிய தகவலாக வந்தன. 2003, 2004-ல் தெரிந்திருந்த விஷயத்துக்காக அந்தக் களிம்பைப் பயன்படுத்தாதீர்கள் என்று எஃப்.டி.ஏ. மக்களை எச்சரித்தது 2009 ஜூனில். அதற்குள் 130-க்கும் மேற்பட்ட புகார்கள் சேர்ந்திருந்தன.

இப்போது மறுபக்க வாசகரைப் பார்ப்போம், நோயாளியை. அமெரிக்கச் சட்டத்தில் ‘கற்றறிந்த இடையாள்’ என்றொரு கொள்கை. டாக்டர் சீட்டில் வரும் மருந்தின் அபாயத்தைக் கம்பெனி டாக்டரிடம் சொன்னால் போதும். நோயாளியிடம் நேராகச் சொல்லக் கடமையில்லை. விழுங்குகிறவருக்கு மருந்தின் பிரதியில் வாசக ஸ்தானமே கிடையாது. ஆனால் விளம்பரத்தில் உண்டு. வயாக்ஸுக்காக 2000-ல் மட்டும் 16 கோடி டாலருக்கு மேல் நேரடி விளம்பரச் செலவு. பனிச்சறுக்கு நடன வீராங்கனை டாரதி ஹாமில் வந்து வலியில்லாமல் சறுக்குவார். ஆசையைத் தூண்டும்போது நோயாளி வாசகர், அபாயத்தைச் சொல்லும்போது டாக்டர் வாசகர். நேரடி விளம்பரம் செய்தால் இந்தக் கவசம் செல்லாது என்று நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் மட்டும் 1999-ல் வேறொரு கம்பெனியின் வழக்கில் சொன்னது. மற்ற மாநிலங்கள் பெரும்பாலும் பின்தொடரவில்லை.

இந்தியாவில் இந்தக் கொள்கையின் பெயரைக்கூட யாரும் கேள்விப்பட்டதில்லை, ஆனால் நடப்பு அதுதான். காப்புரிமைச் சட்டம் அன்றிருந்த நிலையில் ரோஃபெகாக்ஸிப்பை இங்கே பல கம்பெனிகள் பல பெயர்களில் விற்றன. 2004 டிசம்பரில் மத்திய அரசு தடை செய்யும்வரை விற்றன. என் அப்பத்தாவுக்கு மூட்டுவலி. மருந்துக்கடையில் அட்டையிலிருந்து கத்தரித்து நாலு நாலாகக் கொடுப்பார்கள். கத்தரித்த துண்டில் பெயரின் பாதி இருக்கும், அதுவும் இங்கிலீஷில். பள்ளிக்கூடப் பையனான நான் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டியிருக்கிறேன். அந்தப் பாதிப் பெயர் என்னவென்று இன்று நினைவில்லை, அது ரோஃபெகாக்ஸிப்பா என்றும் தெரியாது. அப்பத்தா மாரடைப்பில் சாகவுமில்லை. சொல்லவந்தது, அந்த மாத்திரை பற்றி உலகில் எழுதப்பட்ட அத்தனை வாக்கியங்களிலும் அவரை நோக்கி எழுதப்பட்டது ஒன்றுகூட இல்லை என்பதைத்தான்.

அமெரிக்க நோயாளிகள் வழக்குப் போட்டார்களே என்றால், போட்டார்கள், ஆயிரக்கணக்கில். அவர்களும் ஒரே ‘கிளாஸ்’ ஆக முயன்றார்கள். 2006 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸ் கூட்டாட்சி நீதிபதி ஃபாலன் மறுத்துவிட்டார். ஒவ்வொருவரின் நோய் வேறு, வயது வேறு, டாக்டர் வேறு, மாநிலச் சட்டம் வேறு. சட்ட ரீதியில் அவர் சொன்னது தப்பில்லை. ஆனால் விளைவைக் கவனியுங்கள். பங்குக்காரர்களின் இழப்பை விலை என்ற ஒரே அளவுகோல் ஒன்றாக்கிவிடுகிறது. உடலின் இழப்பு ஆளுக்கு ஆள் வேறாக இருப்பதால் நோயாளிகள் தனித்தனியாக நிற்க வேண்டும். டெக்சாஸில் 2005 ஆகஸ்டில் ஒரு ஜூரி, கணவனை இழந்த பெண்ணுக்கு 25.3 கோடி டாலர் தரச் சொன்னது. உலகமே எழுதியது. 2008-ல் மேல்முறையீட்டில் ரத்து. ரத்த அடைப்பால்தான் செத்தார், அடைப்பு வயாக்ஸால்தான் வந்தது என்பதற்குப் போதிய ஆதாரமில்லை. நம் மூத்த தோழர் கிளாஸ் என்றதும் வர்க்கம் என்று நினைத்தது அப்படியொன்றும் பிசகில்லை. யார் வர்க்கமாகத் திரளலாம், யார் உதிரியாக வர வேண்டும் என்பதைத்தான் இந்தச் சட்டம் தீர்மானிக்கிறது.

கடைசியில் இரண்டு தரப்போடும் கம்பெனி சமரசம் செய்துகொண்டது. 2007 நவம்பரில் நோயாளிகளுக்கு 485 கோடி டாலர், சுமார் 27,000 வழக்குகளை முடிக்க. 2016 ஜனவரியில் பங்குதாரர்களுக்கு 83 கோடி டாலர். இரண்டிலும் தப்பை ஒத்துக்கொள்ளவில்லை. தொகையைப் பார்த்தால் நோயாளிகளுக்குத்தான் அதிகம், நீ ஏன் புலம்புகிறாய் என்று கேட்கலாம். நிபந்தனைகளைப் படித்தால் தெரியும். நோயாளி மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டும், ‘கேட்’ என்றே அதற்குப் பெயர். மாரடைப்போ பக்கவாதமோ திடீர் இதய மரணமோ நடந்திருக்க வேண்டும். குறைந்தது முப்பது மாத்திரை வாங்கியதற்கு அத்தாட்சி வேண்டும். சம்பவத்துக்கு முந்தைய பதினான்கு நாளுக்குள் விழுங்கியிருக்க வேண்டும். தாண்டிய பிறகு புள்ளிகள்: சிகரெட் குடித்தாயா, குண்டா, சர்க்கரை இருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் கழிவு. பங்குதாரரிடம் என்ன கேட்டார்கள்? எந்தத் தேதியில் எத்தனை பங்கு, என்ன விலைக்கு வாங்கினாய், எப்போது விற்றாய். அவர் சூதாடியா, அறிக்கையைப் படித்தாரா, மாரடைப்பு விஷயம் தெரிந்தும் இன்னும் ஏறும் என்று வாங்கினாரா என்றெல்லாம் யாரும் கழிக்கவில்லை.

சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதையை வகுப்பில் நடத்தும்போது இதை யாரும் சொல்லித்தருவதில்லை: அங்கே வழக்கு கோவலனின் உயிர் பற்றியது, தீர்வதோ சிலம்புக்குள் இருப்பது முத்தா மாணிக்கமா என்பதை வைத்து. சொத்தின் உண்மை நிரூபணமானால்தான் சாவின் அநியாயம் நிரூபணமாகும். ஆனாலும் பாண்டியன் அங்கேயே விழுந்து செத்தான். மெர்க் விஷயத்தில் குற்ற ஒப்புதல் ஒன்றும் வந்தது, 2011-ல். எதற்கென்றால், முடக்குவாதத்துக்கு அனுமதி கிடைக்கும் முன்பே அந்த நோய்க்கென்று மருந்தை விற்றதற்கு. சிறு குற்றம். சிவில் கோரிக்கைகளையும் சேர்த்து 95 கோடி டாலர்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. பங்குதாரர் என்றால் தொப்பையும் சுருட்டும் வைத்த முதலாளி என்ற கார்ட்டூன் நம் மண்டையில் இருக்கிறது. இந்த வழக்குகளில் முன்நின்று நடத்துகிறவை பல நேரம் அரசு ஊழியர், ஆசிரியர் ஓய்வூதிய நிதிகள். வைட்டோரின் என்ற கொழுப்பு மருந்தின் ஆய்வு முடிவைத் தாமதப்படுத்தியதாக மெர்க் மீதும் ஷெரிங்-பிளவ் மீதும் போடப்பட்ட வழக்குகள் 2013-ல் மொத்தம் 68.8 கோடி டாலருக்குச் சமரசமாயின. அந்த மாதிரிப் பணத்தில் ஒரு பங்கு ஏதோவொரு ஊர் வாத்தியாரின் பென்ஷன். ஆனால் கம்பெனி கட்டுகிற பணம் யாருடையது? இன்றைய பங்குதாரர்களுடையது. இன்றைய வாத்தியாரின் பையிலிருந்து நேற்றைய வாத்தியாரின் பைக்கு, நடுவில் வக்கீல் கமிஷனோடு. மின்னஞ்சல் எழுதினவரும் டாட்ஜ் பால் தயாரித்தவரும் சொந்தப் பையைத் திறப்பது அபூர்வம்.

இன்னொன்று, நமக்கு முக்கியமானது. உள் ஆவணங்கள் வெளியே வந்தது வழக்குகளால்தான். முக்கியமாக நோயாளிகள் போட்ட வழக்குகளால். விகோர் கட்டுரையில் மூன்று மாரடைப்புகள் விடுபட்டிருந்ததாக, அதை வெளியிட்ட நியூ இங்கிலாந்து மருத்துவ இதழே 2005 டிசம்பரில் கவலை தெரிவித்துக் குறிப்பு எழுதியது. முன்கூட்டியே குறித்த தேதிக்குப் பிறகு நடந்ததால் விட்டோம் என்று கட்டுரையாளர்கள் பதில் சொன்னார்கள். இந்தச் சண்டையே அந்த ஆவணங்கள் இல்லாமல் நடந்திருக்காது. பங்குதாரர் வழக்கில் அதுவும் கஷ்டம். முதல்கட்டத் தள்ளுபடி மனு முடிவாகும்வரை ஆவணம் கேட்கக்கூடாது என்று அதே 1995-ம் வருஷச் சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது.

கடைசியாக நம் பக்கத்து ஊர்க் கதை. 2015 நவம்பரில் ஹைதராபாத் டாக்டர் ரெட்டீஸ் கம்பெனியின் ஸ்ரீகாகுளம், மிரியாலகுடா, துவ்வாடா ஆலைகளுக்கு எஃப்.டி.ஏ. எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது, தயாரிப்புத் தரக் குறைபாடுகளுக்காக. தர விதிகளைக் கடைப்பிடிப்பது பற்றிக் கம்பெனி முதலீட்டாளர்களைத் தவறாக நம்பவைத்தது என்று 2017-ல் அமெரிக்காவில் பங்குதாரர்கள் கூட்டு வழக்குப் போட்டார்கள். கம்பெனி குற்றச்சாட்டை ஏற்கவில்லை. 2020-ல் 90 லட்சம் டாலருக்குச் சமரசம். யாருக்குக் கிடைக்கும்? நியூயார்க் சந்தையில் அந்தக் கம்பெனியின் பத்திரங்களை வாங்கியவர்களுக்கு. 2010-ல் மோரிசன் தீர்ப்பு வந்த பிறகு அமெரிக்காவில் நடந்த பரிவர்த்தனைக்கு மட்டும்தான் அந்தச் சட்டம். மும்பையில் அதே பங்கை அதே வாக்கியத்தை நம்பி வாங்கியவருக்கு அதில் இடமில்லை. நம் 2013 கம்பெனிச் சட்டத்திலும் 245-ம் பிரிவு என்று கூட்டு வழக்குக்கு வழி வைத்திருக்கிறார்கள், 2016-ல் அமலுக்கும் வந்தது. அதைப் பயன்படுத்துவது பற்றி வணிகப் பத்திரிகைகள் எழுதட்டும். அந்த மூன்று ஆலைகளின் மாத்திரையை விழுங்கியவர்கள், எந்த ஊரில் இருந்தாலும், அந்த வழக்கின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

2010 மெர்க் தீர்ப்பையும் 2007 சமரச ஒப்பந்தத்தின் அந்த மூன்று வாசல் பகுதியையும் தமிழில் கொண்டுவர வேண்டும் என்று நினைக்கிறேன். சட்டமொழி எனக்குத் தடுமாறுகிறது. ‘சயன்டர்’ என்ற ஒரு சொல்லுக்கே மூன்று நாள் அலைந்தும் உருப்படியான தமிழ் அகப்படவில்லை. ‘தெரிந்தே செய்தல்’ போதுமா? வழக்கறிஞர் நண்பர்கள் யாராவது கூட உட்கார முன்வந்தால் பத்திரிகைக்கு ஒரு கார்டு போடவும்.